படிப்பு உதவித்தொகைக்குப் புதுக் கணக்கு, புது சிம் கேட்டால் உஷார்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இருப்பவர்கள் முக்கியமாகப் படியுங்கள். "வீட்டிலிருந்தே ஆன்லைனில் நர்ஸிங் அசிஸ்டெண்ட் படிப்பு, அரசு உதவித்தொகை 30,000 ரூபாய், 45 வயது வரை சேரலாம்" என்று ஒரு நோட்டீஸ் சுற்றுகிறது. நானும் என் மதினியும் அதில்தான் ஏமாந்தோம். பதிவுக் கட்டணம் என்று ஆளுக்கு 2,500 ரூபாய் வாங்கினார்கள். அது போனால் போகட்டும். உண்மையில் அவர்களுக்கு வேண்டியது அந்தப் பணமே இல்லை.

வந்த நேரத்தைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வீட்டில் காசு புழங்காத சமயமாகப் பார்த்து வந்தார்கள். பேச்சும் முழுப் பொய் கிடையாது. ராமநாதபுரம் 2018 முதல் மத்திய அரசின் முன்னேற விழையும் (பின்தங்கிய) மாவட்டப் பட்டியலில் இருக்கிறது, 2022இல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது, ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் போதவில்லை, அதனால் கல்யாணமான பெண்களையும் படிக்க வைக்க அரசு பணம் ஒதுக்கியிருக்கிறது என்றார் வந்தவர். முதல் இரண்டும் உண்மை. அதோடு உதவித்தொகையை அவராக ஒட்டிவிட்டார்.

பிறகு ராமநாதபுரத்தில் ஒரு மாடியில் இருந்த சென்டருக்கு வரச் சொன்னார்கள். உதவித்தொகை வர ஒரு தனியார் வங்கியில் புதுக் கணக்கு தொடங்க வேண்டுமாம், அதற்குப் புது சிம் வேண்டுமாம். எல்லாச் செலவும் அவர்களுடையது. ஆதாரைக் கொடுத்து, கைரேகை வைத்து, கையெழுத்துப் போட்டதுதான் எங்கள் வேலை. "அக்கா, கார்டு, பாஸ்புக், சிம் எல்லாம் இங்கேயே இருக்கட்டும். ஆடிட் வரும்போது காட்டணும்" என்றான் அங்கிருந்த பையன். மேஜையில் பழுப்பு நிறக் கவர்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் பெயர், ஊர், ஸ்கெட்ச் பேனாவில். மதினியின் ஏ.டி.எம். பின் நம்பர் வந்த உறையைக்கூடப் பிரிக்காமல் அப்படியே கவருக்குள் போட்டான்.

வகுப்பு என்று நடந்தது வாட்ஸ்அப் குழு ஒன்றுதான். யாரோ யூடியூபில் போட்ட ரத்த அழுத்தம் பார்க்கும் வீடியோவை அனுப்புவார்கள். நாம் கேள்வி கேட்க முடியாது. அட்மின் மட்டும்தான் பேசலாம்.

அப்புறம் ஒருநாள் மதினியின் பழைய கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியவில்லை. அதுவும் அதே வங்கிதான், மாதம் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் விழும் கணக்கு. விசாரித்தால், புதுக் கணக்கில் லட்சக்கணக்கில் பணம் வந்து வந்து போயிருக்கிறது. வேறு மாநிலத்தில் எவரோ ஏமாந்து அனுப்பிய பணம். அந்த ஊர் சைபர் போலீஸ் முடக்கச் சொல்ல, வங்கி அவர் பெயரில் இருந்த இரண்டையும் முடக்கிவிட்டது. நாளைக்கு போலீஸ் தேடி வந்தாலும் மதினியைத்தான் தேடி வரும், கார்டை வைத்திருந்தவனை இல்லை.

இத்தனைக்கும் அரசு உதவி எதற்கும் இந்தச் சடங்கெல்லாம் கிடையாது. பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் போன்ற பயிற்சிகளுக்குக் கட்டணத்தை அரசே பயிற்சி மையத்துக்குக் கொடுக்கிறது, படிப்பவர் கட்ட வேண்டியதில்லை. ஆதாரோடு இணைந்த கணக்கு ஏற்கெனவே இருந்தால் உதவித்தொகை அதிலேயே நேராக வரும். நர்ஸிங், பார்மசி, பிசியோதெரபி பட்டங்களை ஆன்லைனில் நடத்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதிப்பதே இல்லை. 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல், ஊட்டச்சத்து, மைக்ரோபயாலஜி பட்டங்களையும் அந்தத் தடையில் சேர்த்துவிட்டார்கள். ஊசி போடுவதை போனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா என்ன?

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு போன் செய்து, ஸ்டேஷனிலும் புகார் கொடுத்தோம். புகார் வாங்கியதற்கு போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கையில் இருக்கிறது, மதினியின் கணக்கு இன்னும் திறக்கவில்லை. மாடி பூட்டிக் கிடக்கிறது. தொண்டிப் பக்கம் இப்போது அதே நோட்டீஸ் "ஹாஸ்பிடல் மேனேஜ்மெண்ட்" என்ற பெயரில் வந்திருக்கிறது, அடியில் அதே போன் நம்பர்.

எங்களோடு சேர்ந்தவர்கள் இதைப் படித்தால், கணக்கு முடங்கும்வரை காத்திருக்காதீர்கள். முதலில் வங்கிக்கு நேரில் போய் கார்டை பிளாக் செய்து, கணக்கு விவரத்தை அச்செடுத்து வாங்குங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்து, உங்களிடம் இல்லாததை "என்னுடையது இல்லை" என்று குறித்துவிடுங்கள். 2,500 ரூபாயை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.