சீனியரோடு பேச்சு குறைந்துவிட்டது: விட்டுவிடுவதா, வாழ்த்து அனுப்புவதா, நேரில் போவதா?

ஆறு வருடம் ஒரே சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருந்துவிட்டு, தனியாக பிராக்டீஸ் தொடங்கியவன் நான். அவர் ஆபீஸ் சென்னை தம்புச் செட்டித் தெருவில், என்னுடையது பக்கத்திலேயே லிங்கிச் செட்டித் தெருவில். முதலில் வாரம் ஒரு போன், அப்புறம் மாதம் ஒன்று. கடைசியில் ஹைகோர்ட் வராந்தாவில் ஒரு தலையசைப்போடு நின்றுபோனது. சண்டை எதுவும் இல்லை, அதனாலேயே சரிசெய்யவும் வழி தெரியவில்லை.

அப்படியே விட்டுவிடலாம் என்பதுதான் முதலில் தோன்றியது. அதில் நியாயமும் உண்டு. வழிகாட்டி உறவு தொடக்கம், வளர்ச்சி, பிரிவு, மறுவடிவம் என நான்கு கட்டங்களாக நகர்கிறது என்று கேத்தி கிராம் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1983-ல் எழுதினார். விலகல் யாருடைய தப்பும் இல்லை, அதுவும் ஒரு கட்டம்தான் என்று படித்தபோது எனக்கு உண்மையாகவே ஆறுதலாக இருந்தது. ஆனால் வக்கீல் தொழிலில் விட்டுவிட முடிவதில்லை. அவரிடம் கேஸ் கொடுத்திருந்த கட்சிக்காரர் ஒருநாள் உங்களைத் தேடி வருவார். ஏற்கெனவே வக்காலத்து போட்டவரின் சம்மதம் இல்லாமல், அல்லது கோர்ட் அனுமதி இல்லாமல், அந்த வழக்கில் நீங்கள் ஆஜராக முடியாது. இரண்டு வருடம் பேசாதவரிடம் முதல் பேச்சாக அந்தச் சம்மதக் கையெழுத்தைக் கேட்பது கொடுமை.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாட்ஸ்அப் வாழ்த்து அனுப்புவது சுலபம். கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வரும், அவ்வளவுதான்.

மனம் விட்டுப் பேசச் சொல்வார்கள் பலர். “சார், என் மேல ஏதாவது வருத்தமா?” என்று கேட்டால், “அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா” என்பதைத் தவிர ஒரு சீனியரால் வேறென்ன சொல்ல முடியும்? இருவருக்கும் சங்கடம்தான் மிச்சம். நீங்கள் செய்த தப்பு இன்னதென்று தெரிந்திருந்தால் மட்டும் இந்த வழி நல்லது. அவருடைய கட்சிக்காரரைச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு வந்திருந்தால், அதைப் பெயர் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள்.

நான் கடைசியில் செய்தது வேறு. ஒரு பாகப்பிரிவினை வழக்கில் இரண்டாம் மேல்முறையீடு, அதாவது முதல் மேல்முறையீட்டுத் தீர்ப்பை எதிர்த்து ஹைகோர்ட்டில் போடுவது, தயார் செய்துகொண்டிருந்தேன். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100-ஆவது பிரிவின்படி முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் அது நிற்கும். நான் ஐந்து கேள்விகள் எழுதியிருந்தேன். சாயங்காலம் கட்சிக்காரர்கள் வருவதற்கு முன்னால், “சார், இதுல ஒரு சந்தேகம்” என்று கேஸ் கட்டோடு போய் நின்றேன். பத்து நிமிடம் படித்தார். பேனாவை எடுத்து இரண்டை அடித்தார். “இது ரெண்டும் ஃபேக்ட்ப்பா, லா இல்ல.” பழைய குரல் அது.

வாழ்த்தில் அவர் செய்வதற்கு எதுவும் இல்லை. மனம் விட்டுப் பேசுவதில் அவருக்குப் பழக்கமில்லாத வேலை. கேஸ் சந்தேகத்தில் அவருக்குக் கைவந்த வேலை, அதுவும் பத்து நிமிடத்தில் முடிகிறது. திரும்பப் போன் செய்யவும் எனக்குக் காரணம் கிடைக்கிறது. ஒரே நிபந்தனை: அந்தச் சந்திப்பில் கேஸ் அனுப்பச் சொல்லியோ சிபாரிசோ கேட்கக் கூடாது.

புது வழிகாட்டியைத் தேடுவது இதற்கு மாற்று இல்லை, கூடவே செய்ய வேண்டியது. ஃபீஸ் பேசுவதை நான் இன்னொருவரிடம்தான் கற்றேன். ஆனால் காசே தராமல் வேலை வாங்கிய சீனியர் என்றால் என் பதில் வேறு. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் தரச் சொல்லிச் சுற்றறிக்கை விடும்படி 2024 ஜூனில் ஹைகோர்ட், வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வருடக்கணக்கில் அதில் கால்வாசிகூடப் பார்க்காதவர்கள், பழைய படியை மறுபடி ஏற வேண்டியதில்லை.

என் மேல்முறையீடு மிச்சமிருந்த மூன்று கேள்விகளில் ஒன்றின் மீது விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. அன்று மத்தியானமே அவருக்குப் போன் செய்தேன். “எந்தக் கேள்வி?” என்றுதான் முதலில் கேட்டார்.