லீஷ்ஜிஎடிட்: லீஷ்மேனியாவின் மரபணுவைத் திருத்தும் கருவித்தொகுப்பு

கருங்காய்ச்சல் போன்ற நோய்களை உண்டாக்கும் ஒருசெல் உயிரியான லீஷ்மேனியா ஒட்டுண்ணியில் ஒரு மரபணுவை நீக்குவது முன்பெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. குரோமோசோம்கள் பெரும்பாலும் இரட்டையாக இருப்பதால், ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பிளாஸ்மிடை (வட்ட வடிவ டிஎன்ஏவை) தனியே கட்டி, நீக்கம் நடந்த செல்களை இரு சுற்றுகளாக இரண்டு மருந்துகளில் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட லீஷ்ஜிஎடிட், இந்தப் பாட்டை ஒரே சுற்றில் முடித்துவைக்கிறது.

இணையதளத்தில் மரபணுவின் அடையாள எண்ணை இட்டால், அதற்கான நான்கு பிரைமர்களின் (டிஎன்ஏ நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டுகளின்) வரிசைகள் கிடைத்துவிடுகின்றன. அவற்றைக் கொண்டு பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) செய்து, வெறும் 30 காரங்கள் நீளமுள்ள ஒப்புமைப் பகுதிகளுடன் (நீக்கும் இடத்தின் இருபுற வரிசைகளோடு பொருந்தும் முனைகளுடன்), அந்த இடத்தில் அமரப்போகும் மருந்தெதிர்ப்பு மரபணுக்களைப் பெருக்கிக்கொள்ளலாம். வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏவையும் வெளியில் தயாரிக்க வேண்டியதில்லை; டிஎன்ஏவை வெட்டும் காஸ்9 புரதத்தோடு, ஆர்என்ஏவை உருவாக்கும் டி7 பாலிமரேஸ் நொதியையும் தாங்கிய ஒட்டுண்ணியே அதைத் தன் செல்லுக்குள் உருவாக்கிக்கொள்கிறது. பிசிஆர் விளைபொருளைத் தூய்மைப்படுத்தாமல், சூடாக்கி மட்டும் செலுத்தினாலே போதும் என்பது, சிறிய ஆய்வகங்களுக்குப் பெரிய உதவி.

நாங்கள் முதலில் நீக்கியது, நீந்த உதவும் வால் போன்ற கசையிழையின் மையக் குழாய்களைச் சார்ந்த பிஎஃப்16 மரபணு. நுண்ணோக்கியில் துள்ளி நீந்திக்கொண்டிருந்தவை, நீக்கத்துக்குப் பின் இருந்த இடத்திலேயே நடுங்கி நின்றதைப் பார்த்தபோது, ஒரு மரபணுவின் வேலை என்ன என்பது கண்ணெதிரே விளங்கியது.

குறைகளும் உண்டு. ஒப்புமைப் பகுதி இவ்வளவு குறுகியதாக இருப்பதால், நோயாளியிடமிருந்து எடுத்த வகையின் வரிசை ஒப்பிடப் பயன்படும் மேற்கோள் மரபணுத்தொகுதியிலிருந்து சற்று விலகினாலும் திருத்தம் தவறக்கூடும். அந்த இடத்தை முதலில் வரிசைப்படுத்திப் பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று, இந்த ஒட்டுண்ணி சில குரோமோசோம்களைக் கூடுதலாக வைத்துக்கொள்ளும் இயல்புடையது; அதனால் மரபணுவின் ஒரு பிரதி நீங்காமல் எஞ்சக்கூடும். இரண்டு மருந்துகளையும் தாங்கி வளர்ந்த எங்கள் வளர்ப்பு ஒன்றில், பிசிஆர் விளைபொருளை ஜெல்லில் ஓட்டிப் பார்த்தபோது, பழைய மரபணுவின் பட்டை அப்படியே தெரிந்தது. மருந்தை மட்டும் நம்பியிருந்தால் ஏமாந்திருப்போம். உயிர்வாழ்வுக்கு இன்றியமையாத மரபணுக்களை இம்முறையில் முழுதாக நீக்கவும் முடியாது. பெரும்பாலான லீஷ்மேனியா இனங்களில், மரபணுவை நீக்காமலே அதன் செயலை அடக்கும் ஆர்என்ஏ குறுக்கீடும் இயங்காததால், அந்த இடைவெளி உறுத்துகிறது.

ஆயினும், 1903-இல் சென்னையில் சார்லஸ் டோனவன் மண்ணீரல் மாதிரியில் கண்டு, பின்னர் அவர் பெயரையே பெற்ற கருங்காய்ச்சல் ஒட்டுண்ணியையும் இன்று இதே முறையில் ஆராயலாம். பிளாஸ்மிட் கட்டும் வசதியில்லாத ஆய்வகத்துக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன்; நீக்கத்தை உறுதிசெய்யும் பிசிஆருக்கான பிரைமர்களையும் அன்றே சேர்த்து வாங்கிவிடுங்கள்.