பழைய நான்கு சக்கர இயக்க ஏடிவி: தளர்ந்த செயினை இறுக்குவதா, மாற்றுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலை இழுக்கும் பழைய ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓடும் திறந்த சிறு வண்டி) வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் கேட்பது இதைத்தான்: செயின் தொங்குகிறது, இறுக்கினால் போதுமா? ஹோண்டா 1986இல் கொண்டுவந்த ஃபோர்ட்ராக்ஸ் 350 நான்கு சக்கரங்களையும் ஷாஃப்ட் எனும் சுழல்தண்டு மூலம் இயக்கியதால் அந்த வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அக்காலத்துப் போலாரிஸ் நான்கு சக்கர இயக்க வண்டிகளிலோ எஞ்சினிலிருந்து வரும் விசையை முன்னும் பின்னும் கொண்டு செல்வது செயின்களே. இவ்வகை வண்டிக்காரருக்கு நான்கு வழிகள் உண்டு: இறுக்குவது, கண்ணியைக் கழற்றிக் குறைப்பது, செயினை மட்டும் மாற்றுவது, பற்சக்கரங்களோடு சேர்த்து மாற்றுவது. எதைச் செய்வது என்பதைச் சத்தத்தையோ தொங்கலையோ வைத்து முடிவு செய்யக்கூடாது. அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

செயின் நீள்வதாக நாம் சொன்னாலும் அதன் தகடுகள் நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின் எனும் இணைப்பு ஆணியும், அதைச் சுற்றியுள்ள புஷ் எனும் சிறு குழாயும் உரசித் தேய்வதால்தான் மொத்த நீளம் கூடுகிறது. மழைக்குப் பிறகு செம்மண் சேறு உள்ளே புகுந்துவிட்டால் இந்தத் தேய்மானம் வேகமெடுக்கும். இவ்வகை வண்டிகளில் பரவலாக உள்ள 520 என்ற அளவுச் செயினில், ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம்வரை 15.875 மி.மீ. ஆகவே செயினை விறைப்பாக இழுத்துப் பிடித்து 20 இடைவெளிகளை அளந்தால் புதியதில் 317.5 மி.மீ. வரும். அது 324 மி.மீ. அளவை எட்டினால் 2 விழுக்காடு தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் இறுக்கி ஓட்டுவதை நான் ஏற்பதில்லை.

அந்த எல்லைக்குள் இருக்கும் செயினுக்கு இறுக்குவதே சிறந்த வழி. செலவு இல்லை, பிரிக்க வேண்டியதும் குறைவு. ஆனால் அவசரப்பட்டால் கெடுவதும் இங்கேதான். சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியை உயர்த்தி, எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் தளர்ந்து தொங்கும் செயின், சற்றுத் தள்ளி விறைத்து நிற்கும். தேய்மானம் எல்லாக் கண்ணிகளிலும் ஒரே சீராக ஏற்படாததே காரணம். அந்த விறைப்பான இடத்தில்தான் தளர்வை அளக்க வேண்டும். தொங்கும் இடத்தைப் பார்த்து இறுக்கினால், விறைப்பான பகுதி சுற்றி வரும்போது பேரிங்கும் ஆயில் சீலும் அடிவாங்கும். பல வண்டிகளில் பின் அச்சைத் தாங்கும் உருண்டைக் கூட்டைத் திருப்பித்தான் இறுக்க வேண்டும். பல ஆண்டுச் சேறு இறுகிக் கிடப்பதால் போல்ட்டுகளைத் தளர்த்திய பிறகும் அது அசையாது. அதைச் சுத்தியலால் அடித்து நெளிப்பதைவிட, துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஓரிரவு ஊறவிடுவது நல்லது. நடு அச்சை நகர்த்தி இறுக்கும் அமைப்பாக இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, பிறகு முன், பின் செயின்களுக்குப் போக வேண்டும். அது நகர்ந்தால் மற்ற இரண்டின் தளர்வும் மாறிவிடும்.

கண்ணியைக் கழற்றுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறிமாறி வருவதால் சோடியாகத்தான் எடுக்க முடியும். 520 செயினில் அது 31.75 மி.மீ. குறைப்பு. இறுக்கும் இடம் முழுவதும் தீர்ந்துபோன செயினில்தான் இந்த யோசனை எழும். அந்தச் செயினோ ஏற்கெனவே தேய்ந்தது. ஒரே ஒரு கண்ணி மட்டும் குறைப்பதற்காக அரைக் கண்ணி எனும் வளைந்த துண்டைப் போட்டு ஒட்டுவது அதைவிட மோசம். ஏற்றத்தில் பாரத்தோடு நிற்கும்போது அது அறுந்தால் வண்டி பின்னோக்கி உருளும்.

செயினை மட்டும் மாற்றுவது கைக்கு அடக்கமான செலவு என்பதால் பலரும் அதையே விரும்புகிறார்கள். பற்சக்கரம் உண்மையிலேயே நல்ல நிலையில் இருந்தால் அதில் தவறில்லை. பல்லைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள்: இருபுறமும் ஒரே சாய்வாக இருந்தால் நல்லது, ஒரு பக்கம் குழிந்து நுனி கொக்கிபோல் வளைந்திருந்தால் அது பழைய செயினுக்கு ஏற்பத் தேய்ந்த பல். புதுச் செயின் அதில் சரியாக உட்காராது, விரைவிலேயே தேய்ந்துவிடும். அப்போது சேர்த்து மாற்றுவதே, முதலில் கூடுதலாகச் செலவானாலும், மலிவான வழி. ஈப்போவில் சொல்லிவைத்து உதிரி பாகம் வருவதற்குக் காத்திருக்க நேரலாம், ஆனாலும் பல் எண்ணிக்கையை மாற்றிப் போடக்கூடாது. பின்பக்கத்தில் மட்டும் ஒரு பல் கூடினாலோ குறைந்தாலோ முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று, ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

புதுச் செயின் வாங்கும்போது சாதாரணச் செயினைவிட ஓ-ரிங் செயின் நம் சேற்றுக்கு ஏற்றது. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே இருக்கும் கிரீஸை அதன் ரப்பர் வளையங்கள் காக்கின்றன. அதன் அகலம் சற்றுக் கூடுதல் என்பதால், கூட்டில் உரசாமல் இடமிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கழுவுவதற்கு மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். பெட்ரோல் அந்த வளையங்களைக் கெடுத்துவிடும். மாட்டிய பின் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே புதுச் செயின் கொஞ்சம் தளரும், ஆகவே குலை ஏற்றுவதற்கு முன் ஒருமுறை மறுபடி இறுக்கிக்கொள்ள வேண்டும்.