மின் ஆக்சுவேட்டர் பொசிஷனர்: ப்ரீசெட்டைத் திருகுவதா, பொத்தானை அழுத்துவதா?

குளிர்நீர்க் குழாயில் பொருத்தப்பட்ட ஒரு பட்டர்ஃப்ளை வால்வை (குழாய்க்குள் சுழலும் வட்டத் தட்டால் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வை) எடுத்துக்கொள்வோம். அதன் தலையில் உள்ள மின் ஆக்சுவேட்டர் (வால்வைச் சுழற்றும் மோட்டார் அமைப்பு), மூடிய நிலையிலிருந்து முழுதாகத் திறந்த நிலை வரையிலான 90 பாகையை 30 விநாடியில் கடக்கிறது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான சிக்னல் வருகிறது. அந்தச் சிக்னல் கேட்கும் இடத்தையும் வால்வோடு சேர்ந்து திரும்பும் மாறுமின்தடையான ஃபீட்பேக் பொட்டென்ஷியோமீட்டர் காட்டும் இடத்தையும் பொசிஷனர் கார்டு ஒப்பிட்டு, வேறுபாடு தீரும் வரை மோட்டாரைத் திறக்கும் பக்கமோ மூடும் பக்கமோ ஓட்டுகிறது. 12 மில்லி ஆம்பியர் வந்தால் வால்வு 45 பாகையில் நிற்க வேண்டும். அப்படி நிற்கச் செய்வதற்கு இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன: ஜீரோ, ஸ்பான் என்ற இரு ப்ரீசெட்டுகளைக் (கார்டில் உள்ள சிறு சரிசெய்யும் திருகுகளை) கையால் திருகிச் சரிசெய்வது ஒன்று, கார்டில் உள்ள பொத்தானை அழுத்தி, அதுவே இரு முனைகளையும் கண்டுபிடித்து நினைவில் வைத்துக்கொள்ள விடுவது மற்றொன்று. மூடியைத் திறக்காமலே கைக்கருவி கொண்டு அமைக்கும் மூன்றாவது வழியும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

எந்த வழியில் சென்றாலும் முன்வேலை ஒன்றே. முதலில் கைச்சக்கரத்தைச் சுழற்றி வால்வை நடுவில் கொண்டுவந்து நிறுத்திய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். மூன்று பேஸ் மோட்டாரில் பேஸ் வரிசை மாறியிருந்தால், 'மூடு' என்ற கட்டளைக்கு வால்வு திறக்கும். அப்போது திறக்கும் முனையின் லிமிட் சுவிட்ச் (முனையை எட்டியதும் மோட்டாரை நிறுத்துவது) வெட்டினாலும், மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும் 'மூடு' பக்கக் கான்டாக்டருக்கு அது தொடர்பில்லாதது என்பதால் மோட்டார் நிற்காது. நடுவில் இருந்தால் நிறுத்துவதற்குச் சில விநாடிகளாவது கிடைக்கும். அடுத்ததாக லிமிட் சுவிட்சுகளைச் சரியான இடத்தில் அமைக்க வேண்டும். இதை முடிக்காமல் பொசிஷனரைத் தொடுவதில் பயனில்லை.

கையால் செய்யும் முறையில், லூப் கேலிபிரேட்டர் என்ற, சிக்னலைக் கையால் கொடுக்கும் கருவியிலிருந்து 4 மில்லி ஆம்பியர் கொடுத்து, வால்வு மூடிய முனைக்கு வரும் வரை ஜீரோவைத் திருகுகிறோம். பிறகு 20 கொடுத்து, திறந்த முனைக்கு வரும் வரை ஸ்பானைத் திருகுகிறோம். மறுபடி 4 கொடுத்தால் ஜீரோ கலைந்திருக்கும். புதிதாக வருபவர்கள் இங்கேதான் கார்டு பழுது என்று முடிவு கட்டுகிறார்கள். எளிய கார்டுகளில் ஸ்பான் என்பது முழுச் சிக்னலையும் பெருக்குகிற அளவு. ஆகவே 20-இல் செய்த மாற்றத்தில் ஐந்தில் ஒரு பங்கு 4-இலும் வந்து சேர்கிறது. ஜீரோவைத் திரும்பச் சரிசெய்தால் அந்த ஐந்தில் ஒரு பங்குப் பிழை 20-இல் தோன்றும். தொடக்கத்தில் 10 சதவீதப் பிழை இருந்தால் அடுத்த சுற்றில் 2, அதற்கடுத்ததில் 0.4 என்று அது தேயும். மூன்று சுற்றுகளில் வேலை முடிந்துவிடும். இது தெரிந்தவருக்குப் பொறுமை தேவைப்படுவதில்லை. தெரியாதவர் அரை நாளைக் கழித்துவிடுவார்.

கைமுறையின் உண்மையான பலம் வேறிடத்தில் உள்ளது. ஒவ்வொரு முனையிலும் வால்வு நிற்பதை ஒருவர் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்பதே அது. பட்டர்ஃப்ளை வால்வின் தண்டின் தலையில், தட்டு எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் காட்டும் வெட்டுக்கோடு இருக்கும். ப்ரீசெட்டைத் திருகுபவர் அதைப் பார்க்காமல் 'மூடியாயிற்று' என்று சொல்ல முடியாது. அதோடு, பொட்டென்ஷியோமீட்டரின் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்து பார்ப்பதும் இந்த முறையில் வழக்கமாகிவிடுகிறது. 1000 ஓம் பொட்டென்ஷியோமீட்டராக இருந்தால், மூடிய நிலையில் 50 முதல் 100 ஓம் வரை இருக்குமாறு பல்சக்கரத்தைத் தளர்த்தி அமைப்பது என் வழக்கம். முனையை ஒட்டி வைத்தால், அதன் நகரும் தொடுமுனையான வைப்பர் மின்தடைத் தடத்தை விட்டு வெளியேறி, கார்டுக்குப் பொருளற்ற மதிப்பு போகும்.

பொத்தான் முறையில் இந்தச் சிரமங்கள் இல்லை. சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், கார்டு மோட்டாரை மூடும் பக்கம் ஓட்டி, லிமிட் சுவிட்சோ டார்க் சுவிட்சோ (திருப்புவிசை அளவு மீறினால் மோட்டாரை நிறுத்துவது) வெட்டும் இடத்தில் ஃபீட்பேக் மதிப்பைப் பதிந்துகொள்கிறது; பிறகு திறக்கும் முனைக்கும் அவ்வாறே செய்கிறது. பொட்டென்ஷியோமீட்டரின் இரு முனைக் கம்பிகள் இடம் மாறியிருந்தால் அதையும் பல கார்டுகள் தாமே உணர்ந்து திருத்திக்கொள்கின்றன. கைமுறைக் கார்டில் அதே தவறு நேர்ந்தால், வால்வு கேட்ட இடத்திலிருந்து விலகி ஓடி முனையில் போய் முட்டும். 30 விநாடி ஆக்சுவேட்டருக்கு முழு வேலையும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரே நாளில் இருபது வால்வுகளை முடிக்க வேண்டிய பராமரிப்பு நிறுத்தத்தில் இந்த வேகத்துக்கு மாற்று இல்லை.

ஆனால் கார்டு பதிந்துகொள்வது சுவிட்ச் வெட்டிய இடத்தை மட்டுமே. வால்வு மூடிய இடம் எது என்பது அதற்குத் தெரியாது. ஓர் ஆலையில், லிமிட் சுவிட்சைத் தட்டும் கேம் நான்கைந்து பாகை முன்னதாகவே வெட்டுமாறு நழுவியிருந்தது. நான் பொத்தானை அழுத்தினேன். கார்டு பச்சை விளக்கைக் காட்டியது. கட்டுப்பாட்டு அறையில் 0 சதவீதம் என்று தெரிந்தது. ஆனால் மூடிய குழாயில் தண்ணீர் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தண்டின் வெட்டுக்கோட்டைக் குனிந்து பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். பச்சை விளக்கை நம்பியதால் ஒரு மாலை முழுவதும் சீட் (தட்டு அமர்ந்து மூடும் வளையம்) தேய்ந்துவிட்டது என்று விவாதித்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் பொத்தானை அழுத்தினால், வால்வு முழுதாக மூடி முழுதாகத் திறக்கும். இடையில் நிறுத்தினால் பாதியில் நின்ற கேலிபரேஷன் செல்லாததாகிவிடும். பைபாஸ் வழி இல்லாத இடத்தில் இது செய்யக்கூடிய காரியமே அல்ல. ப்ரீசெட் உள்ள கார்டிலோ, ஸ்பான் சற்றே விலகியிருப்பது தெரிந்தால், இருக்கும் இடத்திலேயே ஒரு சிறு திருப்பில் அதைச் சரிசெய்துவிட்டு, முழுப் பரிசோதனையை அடுத்த நிறுத்தத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

இரண்டு முறைகளும் உண்மையில் மோதிக்கொள்வது டெட் பேண்ட் விஷயத்தில்தான். கேட்ட இடத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் எவ்வளவு வேறுபாடு வரை மோட்டாரை எழுப்ப வேண்டாம் என்பதைச் சொல்லும் அளவு இது. நமது 30 விநாடி வால்வில் 1 சதவீதம் என்பது 0.3 விநாடி ஓட்டம். மின்சாரத்தை வெட்டிய பிறகும் மோட்டார் தன் சுழல்வேகத்தால் 0.1 விநாடி ஓட்டத்துக்கு நிகரான தூரம் நகர்ந்தால், அது 0.33 சதவீதம், 1 சதவீத டெட் பேண்டுக்குள் அது அடங்கிவிடும். அதே மோட்டார் 10 விநாடியில் முழுத் தூரத்தையும் கடக்கும் ஆக்சுவேட்டரில் இருந்தால், அதே 0.1 விநாடி 1 சதவீதமாகிவிடும். அங்கே அரை சதவீத டெட் பேண்ட் வைத்தால், வால்வு இலக்கைத் தாண்டும், திரும்பும், மீண்டும் தாண்டும், இதுதான் ஹண்டிங். 3 விநாடிக்கு ஒரு முறை மோட்டார் கிளம்பினால் மணிக்கு 1200 கிளப்பல்கள். நிலைக்கு நிலை மட்டுமே செல்ல ஈ.என் 15714-2 என்ற ஐரோப்பியத் தரநிலையின் 'பி' வகுப்பில் வாங்கப்பட்ட ஆக்சுவேட்டர் இந்த அளவைத் தாங்குவதற்கு அமைந்ததல்ல. அடிக்கடி நகர்ந்து சீராக்கும் வேலைக்கு 'சி' வகுப்பு வேண்டும். ஒற்றை பேஸ் மோட்டாராக இருந்தால் சூடேறி உள்ளிருக்கும் தெர்மோஸ்டாட் வெட்டும். வால்வு அசையாமல் நிற்கும். ஆள் ஏறிப் போய்ப் பார்ப்பதற்குள் ஆறி மறுபடி ஓடத் தொடங்கும். இந்தக் கண்ணாமூச்சியில் மாற்றப்பட்ட நல்ல கார்டுகள் பல.

சில தானியங்கிக் கார்டுகள் இந்த நழுவல் தூரத்தையும் அளந்து டெட் பேண்டைத் தாமே வைத்துக்கொள்கின்றன. அளக்கும்போது குழாய் வெறுமையாக இருந்ததா, நீர் ஓடியதா என்பது மட்டும் அவற்றுக்குத் தெரியாது. பாதி திறந்த பட்டர்ஃப்ளை வால்வின் தட்டை நீரோட்டம் பொதுவாக மூடும் பக்கமே தள்ளும். ஆகவே ஓட்டத்தின்போது மூடும் பக்க நழுவல் சற்றே கூடலாம். வறண்ட குழாயில் கார்டு கண்டுபிடித்த மதிப்பை நான் அப்படியே விடுவதில்லை. ஓட்டம் வந்த பிறகு 12 மில்லி ஆம்பியரில் நிறுத்திப் பார்த்து, அதிர்வு தெரிந்தால் கையால் ஒரு படி கூட்டுகிறேன். இந்த ஒரு விஷயத்தில் தானியங்கியைவிடத் திருகுளியை நம்புகிறேன்.

குளோப் வால்வு போன்று டார்க் கொண்டு மூடும் வால்வுகளில் வேறொரு பழக்கம் உண்டு. 4 மில்லி ஆம்பியரில் பொசிஷனர் முழுத் திருப்தி அடையாதவாறு ஜீரோவைச் சற்றே கீழே இறக்கி வைத்தால், டார்க் சுவிட்ச் வெட்டும் வரை மோட்டார் அழுத்தி மூடும். சீட் தேய்ந்தாலும் மூடல் இறுக்கமாகவே இருக்கும். பொத்தான் முறையில் பதிந்த முனை, சீட் தேயத் தேயப் பழையதாகிவிடுவதால், இறுக்கமாக மூடும் வசதி கார்டில் தனியாக இருந்து, அதை இயக்கியும் வைத்திருக்க வேண்டும். கைமுறைத் தந்திரத்துக்கும் ஒரு விலை உண்டு: டார்க் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால், ஓடமுடியாத மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும்.

மூடியைத் திறக்காத வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ரோட்டார்க்கின் ஐ.க்யூ வரிசை போன்ற ஆக்சுவேட்டர்களில் முனைகள், டார்க், டெட் பேண்ட் எல்லாவற்றையும் வெளியிலிருந்தே கைக்கருவியால் அமைக்கலாம். எரிவாயு கசியக்கூடிய இடத்தில் ஃபிளேம்ப்ரூஃப் (உள்ளே தீப்பிடித்தாலும் வெளியே பரவாத) பெட்டியை மின்சாரம் இருக்கும்போது திறக்கக் கூடாது. ப்ரீசெட்டைத் திருகவோ மின்சாரம் இருந்தாக வேண்டும். ஆகவே அங்கே கைமுறைக்கு அனுமதிச் சீட்டும் வாயுப் பரிசோதனையும் இல்லாமல் வேலை நடக்காது. மழையிலும் கைக்கருவியே நல்ல வழி. விலை அதிகம் என்பதைத் தவிர எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாதாரணக் குளிர்நீர் வால்வுக்கு யாரும் இதை வாங்கித் தருவதில்லை.

நமது வால்வுக்கு நான் செய்வது இது: லிமிட் சுவிட்சுகளைத் தண்டின் வெட்டுக்கோட்டைப் பார்த்துக் கையால் அமைப்பேன்; முனைகளைப் பதிவதற்குப் பொத்தானை அழுத்துவேன்; டெட் பேண்டை ஓட்டத்தில் பார்த்துக் கையால் முடிவு செய்வேன். அதன்பின் 4, 8, 12, 16, 20 என ஏறுமுகமாகவும், அதே படிகளில் இறங்குமுகமாகவும் சிக்னல் கொடுத்து, ஒவ்வொன்றிலும் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்வேன். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே சிக்னலுக்கு இருவேறு இடங்களில் நின்றால், டெட் பேண்டையும் பல்சக்கரத் தளர்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பிச் செல்லும் நிலைச் சிக்னலுக்கும் தனி ஜீரோவும் ஸ்பானும் இருக்கின்றன. பொசிஷனர் சரியாக நின்றாலும் அது தவறான எண்ணைக் காட்டக்கூடும் என்பதால், அதையும் அதே ஐந்து படிகளில் ஒப்பிட வேண்டும். கடைசியாக, மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் பொட்டென்ஷியோமீட்டர் காட்டிய ஓம் மதிப்புகளைத் தேதியோடு ஒரு அட்டையில் எழுதி, மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டுத்தான் போல்ட்டுகளை இறுக்குவேன்.