கடலோரத்தில் வீடு கட்ட அனுமதி: சுயசான்றா, வழக்கமான வழியா?

இரண்டு வருஷ இடைவெளிக்குள் எங்கள் குடும்பத்தில் இரண்டு வீடுகள் எழுந்தன. அக்காவுக்கு ராமநாதபுரத்தை ஒட்டிய பட்டணம்காத்தானில் 5 சென்ட் மனை. எனக்குப் பெரியபட்டினம் பக்கம், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில். இரண்டுக்குமே அனுமதி வாங்க அலைந்தவன் நான்தான். "எது சுலபம்?" என்று இப்போது யார் கேட்டாலும், "மனை கடலிலிருந்து எவ்வளவு தூரம்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்கிறேன். அது தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அக்காவுக்குச் சுயசான்று முறையில் போனோம். அதாவது, விவரமெல்லாம் சரி என்று வீட்டுக்காரரே உறுதி கொடுத்து இணையத்தில் அனுமதி வாங்குவது. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் இது. மனை 2500 சதுர அடிக்குள் இருக்க வேண்டும், கட்டடம் மொத்தம் 3500 சதுர அடியைத் தாண்டக் கூடாது, தரைத்தளமும் அதன் மேல் ஒரு மாடியும்தான். நம் ஊரில் சென்ட் கணக்கில்தானே பேசுகிறோம்? 2500 சதுர அடி என்பது ஐந்தே முக்கால் சென்ட்டுக்கு ஒரு மயிரிழை குறைவு. ஆறு சென்ட் மனை 2613 சதுர அடியைத் தாண்டிவிடும், அதனால் சேராது. 3500 என்பது இரண்டு தளத்தையும் சேர்த்த கணக்கு. ஒரு தளத்துக்கு அவ்வளவு என்று நினைத்து வரைபடம் போட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டு.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, அனுமதிக்கு முன்னால் யாரும் மனையைப் பார்க்க வரக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது. ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம், மனையின் புகைப்படம் ஏற்றி, சதுர அடிக்கு இவ்வளவு என்ற ஒரே கட்டணத்தைக் கட்டினால், கியூஆர் குறியீட்டோடு அனுமதியைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். பரிசீலனைக் கட்டணம் கிடையாது, உள்கட்டமைப்புக் கட்டணம் கிடையாது, பணி நிறைவுச் சான்றும் கேட்பதில்லை. சவூதியில் இருந்துகொண்டு மச்சானையோ தம்பியையோ வைத்து வீடு கட்டுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் 'சுய' என்ற சொல்லின் கனத்தை உணர்ந்துகொள்ள வேண்டும். சொன்னதெல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். தவறு என்று பின்னால் தெரிந்தால் அந்த அனுமதி செல்லாது, அதற்குள் கான்கிரீட்டும் போட்டு முடித்திருப்பீர்கள். பட்டணம்காத்தானில் இந்த ஆபத்து குறைவு. கடலோரத்தில் அப்படி இல்லை.

என் மனைக்கு வருகிறேன். கட்டுமானத்துக்குத் தனி விதிகள் உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்பது உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது பெரிய அலையேற்றத்தின்போது கடல் தண்ணீர் எட்டும் கோட்டிலிருந்து, 500 மீட்டர் வரை. மத்திய அரசின் 2011 அறிவிக்கைப்படி கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் வளர்ச்சித் தடைப் பகுதி. அதற்குள் புது வீடு கிடையாது. முறைப்படி கட்டப்பட்ட பழைய வீட்டைப் பழுதுபார்க்கலாம், அதுவும் இருக்கிற அடித்தளப் பரப்பைத் தாண்டாமல். ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் இரண்டு மடங்கு அகலத்தில் தார்சு போடுவது பழுதுபார்த்தல் ஆகாது. கடலோடு பரம்பரையாக வாழும் சமூகத்தினரின் வீடுகளுக்கு மட்டும் 100 முதல் 200 மீட்டருக்குள் வழி வைத்திருக்கிறார்கள். நகராட்சி எல்லைக்குள் ஏற்கெனவே வளர்ந்த பகுதியென்றால் விதி வேறு. அங்கே ஏற்கெனவே இருக்கிற சாலைக்கு நிலப்பக்கமாகக் கட்டலாம்.

2019 அறிவிக்கை, 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமப் பகுதிகளில் 200 மீட்டரை 50 ஆகக் குறைத்தது. உடனே "ஐம்பது மீட்டர் விட்டால் போதும்" என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தச் சலுகை அந்த அறிவிக்கைப்படி ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மை வரைபடத்தோடு சேர்ந்துதான் செல்லும். அதனால் பேச்சை நம்பாமல் வரைபடத்தில் உங்கள் புல எண்ணைத் தேடுங்கள். உயர் அலைக் கோடு என்பதும் இன்று அலை வந்து நிற்கிற இடம் இல்லை, வரைபடத்தில் குறிக்கப்பட்ட கோடு. கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற ஓடைக்கும் கழிமுகத்துக்கும் பக்கத்தில் இருந்தாலும் இதே கேள்வி எழும். கடல் கண்ணுக்கே தெரியாத மனைகூட அப்படி மாட்டிக்கொள்ளும்.

நான் வழக்கமான வழியில் போனேன். பதிவுபெற்ற பொறியாளர் வரைபடம் போட்டார், உள்ளாட்சி மூலமாக விண்ணப்பம் போனது, மனையைப் பார்க்க வந்தார்கள், கேள்வி கேட்டார்கள். நில அளவைத் துறையின் புலப்பட நகலில் இருந்த அளவும் பத்திரத்தில் இருந்த அளவும் பொருந்தவில்லை என்று ஒருமுறை திரும்பியும் வந்தது. எரிச்சல் வந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பிழை அடித்தளம் தோண்டும் முன்பே வெளியே வந்தது. சுயசான்றில் போயிருந்தால் அதைச் சுமந்துகொண்டே சுவர் எழுப்பியிருப்பேன். மனை 500 மீட்டருக்குள் என்றால் இந்தத் தாமதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். உச்சிப்புளி கடற்படை விமானத்தளத்தைச் சுற்றி இருப்பவர்கள் உயரக் கட்டுப்பாட்டையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது வழி ஒன்றும் எங்கள் பக்கம் ஓடுகிறது: கட்டிவிடுவோம், அப்புறம் வரைமுறைப்படுத்திக்கொள்ளலாம். இதை நம்பிப் பணத்தைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. 2016 அக்டோபர் 20 என்று பேச்சில் அடிபடுகிற தேதி அங்கீகாரமில்லாத மனைகளுக்கானது. கட்டடங்களுக்கான வரைமுறை 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு இன்று கட்டுகிற வீட்டுக்கும் பொருந்தும் என்கிறார்கள். பொருந்தாது. அனுமதி இல்லாத கட்டடத்துக்கு 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி நோட்டீஸ் வரலாம், பூட்டி சீல் வைக்கலாம். வங்கியும் வரைபட அனுமதி இல்லாமல் கடன் தராது. பாதியில் கைக்காசு தீர்ந்து, கூரை போடாத தூண்களோடு நிற்கிற வீடுகள் இந்தக் கடற்கரையில் நிறைய.

எந்த வழியாக இருந்தாலும் மழைநீர் சேகரிப்பைக் காகிதத்தில் மட்டும் வரைந்து விட்டுவிடாதீர்கள். 2003 முதல் கட்டாயம் என்பதற்காகச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஆழ்துளைத் தண்ணீர் உப்பு. மாடியில் விழுகிற மழைதான் வீட்டுக்குள் வருகிற நல்ல தண்ணீர்.

விண்ணப்பம் போடும் முன் பட்டா உங்கள் பெயரில் மாறியிருக்கிறதா, வில்லங்கச் சான்று சமீபத்தியதா, நிலம் நத்தமா (ஊர்க் குடியிருப்பு நிலமா) வேறா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுயசான்றில் வீட்டுக்காரரே விண்ணப்பிக்கலாம், இடைத்தரகர் தேவையில்லை. யாரையாவது வைத்துச் செய்வதாக இருந்தாலும் விண்ணப்பத்தில் உங்கள் கைப்பேசி எண்ணையே போடச் சொல்லுங்கள். என் விண்ணப்பத்தில் முதலில் வேறொருவர் எண் இருந்ததால், திருத்தம் கேட்டு வந்த செய்தி எனக்கு வரவே இல்லை. மூன்று வாரம் அப்படியே கிடந்தது.