ஆன்லைனில் புராசஸர் வாங்குகிறவர்கள் படியுங்கள்: என் 11,450 ரூபாய் போச்சு

இன்று காலைதான் அந்தக் கடையிலிருந்து கடைசிப் பதில் வந்தது. "ஃபிசிக்கல் டேமேஜ், நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்." அவ்வளவுதான். 11,450 ரூபாய்க்கு ஒரே ஒரு வரி. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

தம்பி கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறான். ராத்திரியில் வீட்டிலிருந்தே வெளி ஆர்டர் எடுக்கட்டும் என்று சீட்டு எடுத்த பணத்தில் அவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண நினைத்தோம். ஒவ்வொரு பாகத்தையும் விலை எங்கே குறைவோ அங்கே வாங்கினோம். கம்ப்யூட்டரின் மூளையான புராசஸரில்தான் குழப்பம். ரைசன் 5 5600, 5600ஜி, இன்டெல் ஐ5 12400எஃப், இந்த மூன்றில் எது? மூன்றுக்கும் ஆறு கோர் (உள்ளே கணக்குப் போடும் அலகு), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை).

கம்ப்யூட்டர் பாகங்கள் மட்டுமே விற்கிற ஓர் ஆன்லைன் கடையின் வாட்ஸப் எண்ணுக்குக் கேள்வி அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் ஒருவர் போன் செய்தார். "அக்கா, கிராபிக்ஸ் கார்டு இப்ப வாங்குறீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப 5600-உம் வேண்டாம், 12400எஃப்-உம் வேண்டாம். ரெண்டுலயும் மானிட்டர்ல படமே வராது. 5600ஜி எடுங்க, அதுக்குள்ளயே கிராபிக்ஸ் இருக்கு. புராசஸருக்குள்ள இருக்கிற கேஷ் மெமரி 5600-ல 32 எம்பி, இதுல 16 எம்பிதான், ஆனா ஆல்பம் வேலைக்குத் தாராளம்." விசாரித்துப் பார்த்தோம், சொன்னது எல்லாமே சரி. கூடுதல் விலைக்கு எதையும் தலையில் கட்டவும் பார்க்கவில்லை. அந்த இடத்தில்தான் நான் அவரை முழுசாக நம்பினேன்.

அடுத்து, "வெப்சைட்ல 11,700 அக்கா. நேரா இந்த யூபிஐ நம்பருக்குப் போட்டா 250 குறைச்சுக்கலாம். பில் பார்சலோட வரும்" என்றார். போட்டுவிட்டேன். 11,450.

சனிக்கிழமை சாயங்காலம் பார்சல் வந்தது. கூரியர் கவருக்குள் புராசஸர் பெட்டியை அப்படியே போட்டிருந்தார்கள். பபுள் ரேப் இல்லை, வெளியே இன்னொரு அட்டைப்பெட்டி இல்லை, பில்லும் இல்லை. ஒரு மூலை உள்ளே அமுங்கியிருந்தது. புராசஸரைப் பொருத்துகிற மதர்போர்டு திங்கட்கிழமைதான் வந்தது, அதுவரைக்கும் பெட்டியைப் பிரிக்காமல் பத்திரமாக பீரோவில் வைத்திருந்தேன்.

திங்கள் ராத்திரி தம்பி பெட்டியைத் திறந்தான். கூடவே வருகிற கூலர் (சூட்டைத் தணிக்கும் ஃபேன்) இடம்பெயர்ந்து புராசஸர் இருக்கிற பிளாஸ்டிக் உறையை இடித்திருந்தது, உறை பாதி வாய் திறந்து கிடந்தது. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தோம். இந்தப் புராசஸர் ஏஎம்4 என்கிற சாக்கெட்டில் (மதர்போர்டில் புராசஸர் உட்காரும் இடம்) பொருந்துவது. அந்த வகையில் ஊசி மாதிரி 1331 பின்கள் புராசஸரின் அடியிலேயே இருக்கும். ஒரு மூலையில் அவை காற்றடித்த நாற்று மாதிரி சாய்ந்திருந்தன. ஒன்பது வளைந்திருந்தன. ஒன்று ஒடிந்தே போய், துண்டு உறைக்குள் உருண்டுகொண்டிருந்தது. தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை, உறையை மூடி மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

வளைந்ததை மெக்கானிக்கல் பென்சில் முனையை நுழைத்து நிமிர்த்தலாம் என்று அவன் நண்பன் சொன்னான். ஒடிந்ததை என்ன செய்வது? தவிர, நாங்கள் தொட்டால் நாங்களே வளைத்தோம் என்பார்கள் என்று தொடவே இல்லை. தொடாமலே அதைத்தான் சொன்னார்கள்!

படங்களை அனுப்பிவிட்டு அழைத்தேன். அதே ஆள், அதே குரல். ஆனால் 'அக்கா' போய் 'மேடம்' வந்துவிட்டது. "மேடம், சாக்கெட்ல அழுத்திப் போட்டிருப்பீங்க." போர்டு கவரே பிரிக்கவில்லை என்றேன். "கூரியர்ல கேளுங்க மேடம்." கூரியர் அலுவலகத்தில் கேட்டால், பார்சலை அனுப்பியவர்தான் புகார் தர வேண்டும் என்கிறார்கள். மறுபடி கடை. "டெலிவரி ஆகி 24 மணி நேரத்துல சொல்லணும், அன்பாக்சிங் வீடியோ வேணும்." பணம் வாங்கும்போது இதை ஏன் சொல்லவில்லை? "வெப்சைட்ல கீழே போட்டிருக்கு மேடம்." வெப்சைட்டில் போடவேண்டாம், யூபிஐயில் போடுங்கள் என்றது யார்? சரி, கம்பெனி வாரண்டியாவது உண்டா என்றால், வளைந்த பின்களும் ஒடிந்த பின்களும் வாரண்டியில் வராது. பில்லும் கையில் இல்லை. புதன்கிழமையிலிருந்து போன் எடுக்கவில்லை, மெசேஜில் நீல டிக் மட்டும் விழும். இன்றைக்கு அந்த ஒற்றை வரி.

11,450 ரூபாய் தம்பியின் முக்கால் மாதச் சம்பளம். விடப்போவதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலரின் பெயரைத் தளத்தில் போட வேண்டும், புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவர்கள் தளத்தில் பெயரே கிடையாது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை.

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவு மட்டும்: தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள், 250 ரூபாய்க்கு ஆசைப்பட வேண்டாம். கவரை வெட்டுவதற்கு முன்பே வீடியோவை ஆரம்பித்து, பின்கள் தெரிகிற வரை நிறுத்தாதீர்கள். மற்ற பாகம் வரட்டும் என்று காத்திருக்காமல் வந்த அன்றே திறந்து பாருங்கள். பெட்டி அமுங்கியிருந்தால் கூரியர் பையன் நிற்கும்போதே படம் எடுத்துவிடுங்கள். ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5-இலும் இப்போதைய இன்டெலிலும் பின்கள் மதர்போர்டில் இருக்கும், அங்கே போர்டின் சாக்கெட்டைப் பாருங்கள். சென்னைக்குப் போக முடிந்தவர்கள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலேயே பெட்டியைப் பிரித்துப் பார்த்து, பில்லோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.