லங்காவியா, பெர்ஹெந்தியானா: படகு யாருடைய நேரத்துக்கு ஓடுகிறது?

மலேசியாவின் மேற்குக் கரையில், பட்டர்வொர்த்தில் குடியிருக்கும் எங்களுக்கு லங்காவித் தீவு பக்கத்து வீடு மாதிரி. குவாலா பெர்லிஸ் வரை காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து ஃபெரியில் ஒன்றேகால் மணி நேரம். பெர்ஹெந்தியான் தீவுகளுக்குப் போவதென்றால் தீபகற்பத்தையே குறுக்கே கடந்து, கிழக்குக் கரையில் திரெங்கானுவின் குவாலா பெசூட் வரை போக வேண்டும். அதற்கே ஒரு பகல் செலவாகிவிடும். பிள்ளைகளோடு இரண்டு இடத்துக்கும் போய் வந்தாயிற்று. வரும் ஜூன் விடுமுறைக்கு மறுபடியும் பெர்ஹெந்தியானில்தான் அறை புக் செய்திருக்கிறோம். பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு ஏன் அவ்வளவு தூரம் என்று அக்கா கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வசதிகளைப் பொறுத்தவரை பேச்சே இல்லை, லங்காவிதான். வாடகைக் கார், பெரிய மருத்துவமனை, மாச்சிஞ்சாங் மலைக்கு ஏறும் கேபிள் கார், 1987 முதல் வரியில்லாத் தீவு என்பதால் மலிவாகக் கிடைக்கும் சாக்லேட், நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடை எல்லாம் உண்டு. மழை பெய்தால் பிள்ளைகளை அழைத்துப் போக வேறு இடமும் இருக்கும். பெர்ஹெந்தியானில் கடல், மணல், காடு, வரிசையாகச் சில தங்குமிடங்கள், அவ்வளவுதான். காரும் இல்லை, கார் ஓட ரோடும் இல்லை.

ஆனால் நாங்கள் தேடியது தீவுக்குத் தீவு படகில் போய், பிள்ளைகள் தண்ணீரில் இறங்கி விளையாடும் விடுமுறை. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது.

லங்காவியில் தீவுச் சுற்று என்றால் பெரும்பாலும் மூன்று இடங்கள்: டாயாங் புந்திங், சிங்கா பெசார், பெராஸ் பாசா. மொத்தம் நான்கு மணி நேரம். காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று. ஹோட்டலுக்கே வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். படகு ஏறும் ஜெட்டியில் நம்மோடு வேறு இரண்டு மூன்று குடும்பங்களையும் ஒரே படகில் ஏற்றுவார்கள். நாங்கள் போனபோது ஒருவருக்கு 40 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தோம். விலையில் குறையே சொல்ல முடியாது.

சிங்கா பெசார் பக்கம் படகை நிறுத்தியதும் வானத்தில் செம்பருந்துகள் வட்டமிடத் தொடங்கின. கழுத்து வெள்ளை, உடம்பு செங்காவி. என் அம்மா படகிலேயே எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு கருடனைப் பார்த்தாலே கும்பிடுகிறவருக்கு அன்று இருபது முப்பது கருடன்கள். லங்காவி என்ற பெயரையே கழுகைக் குறிக்கும் ‘ஹெலாங்’ என்ற மலாய்ச் சொல்லையும், செம்பழுப்பைக் குறிக்கும் ‘காவி’யையும் சேர்த்துத்தான் விளக்குவார்கள். அந்தக் காவி நம் காதுக்கு அந்நியமான சொல்லே இல்லை. அம்மாவிடம் சொன்னேன், மகிழ்ந்து போனார். ஒன்று மட்டும் மனதை உறுத்தியது: பறவைகளை வரவழைக்கக் கோழித்தோலை வீசும் பழக்கம். வேட்டையாடிப் பிழைக்க வேண்டிய பறவைக்கு அது நல்லதில்லை என்று இயற்கை ஆர்வலர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். தீனி போடாத படகு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள்.

டாயாங் புந்திங் தீவில்தான் எனக்கு மனம் விட்டுப்போனது. அங்கே சுண்ணாம்புக் கல் மலைகளுக்கு நடுவே பெரிய நன்னீர் ஏரி ஒன்று இருக்கிறது. மெல்லிய பாறைச் சுவர் ஒன்றுதான் அதைக் கடலிலிருந்து பிரிக்கிறது. அங்கே குளித்தால் குழந்தைப் பேறு கிடைக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. ஜெட்டியிலிருந்து படியேறி இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். கையில் தின்பண்டப் பை இருந்தால் குரங்குகள் பறித்துவிடும். என் மகளுக்கு அப்போது 6 வயது. தண்ணீர் என்றாலே பயம். மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து கால் விரலை மட்டும் விட்டாள், எடுத்தாள், மறுபடி விட்டாள். மேடையிலிருந்து இறங்கினாலே ஆழம், அதனால் நானும் அவசரப்படுத்தவில்லை. அரை மணி நேரம் கழித்து, லைஃப் ஜாக்கெட்டை இறுக்கச் சொல்லிவிட்டு, “ம்மா, நீங்க பிடிச்சுக்குங்க, நான் இறங்குறேன்” என்றாள். சரி என்று கையை நீட்டும்போதே படகோட்டி கூப்பிட்டுவிட்டார். மற்றக் குடும்பங்கள் ஜெட்டியில் காத்திருந்தன. போகத்தான் வேண்டும். பெராஸ் பாசாவில் மணல் நன்றாக இருந்தது, கடலும் ஆழமில்லை. ஆனால் அவளுக்கு வந்த தைரியம் வழியிலேயே போய்விட்டது. கடைசி வரை இறங்கவே இல்லை.

படகோட்டியைக் குறை சொல்லவில்லை. மதியச் சுற்றுக்கு ஆட்கள் ஜெட்டியில் நிற்பார்கள். அவர் அந்த நேரத்துக்குள் திரும்பியாக வேண்டும். அங்கே தொழிலே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இனி பெர்ஹெந்தியான். பாலிங் வழியாக கெரிக் போய், அங்கிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஜெலிக்கு இறங்கினோம். கெரிக்கிலேயே வண்டிக்கு எண்ணெய் நிரப்பிவிடுங்கள். அதற்கப்புறம் காடும் மலையும்தான். தெமெங்கோர் ஏரிப் பாலத்தில் நிறுத்திப் பிள்ளைகளைக் கொஞ்சம் நடக்க விடலாம். யானை கடக்கும் இடம் என்ற பலகைகளைப் பார்த்ததும் பின் சீட்டில் சண்டை நின்றது, இருவரும் ஜன்னலை விட்டு நகரவில்லை. அந்தச் சாலையில் இரவில் ஓட்டாதீர்கள். விடிவதற்கு முன் கிளம்பினால் மதியப் படகைப் பிடித்துவிடலாம்.

குவாலா பெசூட்டிலிருந்து விரைவுப் படகில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். இது ஃபெரி போல மூடிய, குளிரூட்டிய இருக்கை இல்லை. அலையில் தூக்கிப் போடும், மேலெல்லாம் நனையும். பல கடற்கரைகளில் ஜெட்டி கிடையாது. முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் கரையேற வேண்டும். செருப்பைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், துணிப்பையை பிளாஸ்டிக்கில் சுற்றிவிடுங்கள்.

பெசார், கெச்சில் என்று பெரிதும் சிறிதுமாக இரண்டு தீவுகள், நடுவே குறுகிய கடல். அந்தக் காலத்தில் வணிகக் கப்பல்கள் நின்று போன இடம் என்பதால்தான் பெர்ஹெந்தியான், அதாவது நின்று போகும் இடம், என்ற பெயராம். பிள்ளைகள் இருந்தால் பெசாரில் தங்குவது நல்லது. கெச்சிலின் நீண்ட கடற்கரையில் இரவு முழுக்கப் பாட்டும் இளைஞர் கூட்டமும் இருக்கும்.

எல்லாவற்றையும் தீர்மானித்தது இங்குள்ள படகுதான். ரோடு இல்லாத ஊரில் படகுதான் டாக்சி. ஒவ்வொரு கரையிலும் நாலைந்து படகுக்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஐந்து நிமிடம், பத்து நிமிடம். உங்களை ஒரு விரிகுடாவில் இறக்கிவிட்டு அவர் வேறு சவாரிக்குப் போய்விட்டு, சொன்ன நேரத்துக்குத் திரும்ப வருவார். நீங்கள் கூட நேரம் இருந்தாலும் அவருக்கு நட்டம் வராது. தூரம் குறைவு, அதனால் அவசரமும் குறைவு. குழுவாகக் கூட்டிப் போகும் ஸ்நோர்க்கலிங் சுற்றும் உண்டு, அதில் லங்காவியில் பட்ட அதே நெருக்கடிதான். நாங்கள் குடும்பத்துக்கென்று ஒரு படகு பேசினோம். அரை நாளுக்கு 220 வெள்ளி. நான்கு பேருக்கு ஆளுக்கு 55 வெள்ளிதான் வருகிறது. லங்காவியில் கொடுத்ததைவிட 15 வெள்ளி அதிகம்.

படகுக்காரரைப் பக் சிக் (மலாயில் மாமா) என்று கூப்பிட்டோம். அவரிடம் மகளுக்குப் பயம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் ஆழமான இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, தெலுக் பாவ் அருகே, கடற்புல் விளைந்த தரைக்குக் கொண்டுபோனார். பேராமை எனப்படும் பச்சை ஆமைகள் அங்கே மேய வரும். மகன் உடனே குதித்துவிட்டான். மகள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பக் சிக் என்ஜினை அணைத்துவிட்டு, ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. முக்கால் மணி நேரம் போனது. பிறகு அவளே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். கீழே ஓர் ஆமை புல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க அது மேலே வந்தபோது எங்களுக்கும் அதற்கும் ஒரு படகு நீளம்தான் இடைவெளி. கண்ணாடிக்குள்ளிருந்தே அவள் கத்தியது எனக்குக் கேட்டது. அன்று மாலை வரை தண்ணீரை விட்டு அவளை வெளியே எடுக்க முடியவில்லை.

ஆமையைத் தொடக்கூடாது, துரத்தக்கூடாது, மேலே வரும் வழியை மறிக்கக்கூடாது. மூச்சுக்காகத்தான் அது வருகிறது. இதைப் பிள்ளைகளுக்குப் படகு ஏறும் முன்பே சொல்லிக்கொடுங்கள். பெரியவர்கள் சிலரே சூழ்ந்துகொண்டு படம் எடுத்ததைப் பார்த்து வருத்தமாக இருந்தது. அப்புறம், பாறையோரம் நீண்ட முள்ளோடு கறுப்புக் கடல் முள்ளெலிகள் இருக்கும். அங்கே காலூன்றி நிற்க விடாதீர்கள்.

லங்காவியிலும் தனிப் படகு கிடைக்கும். ஆனால் அதை எடுத்துப் பார்த்த அனுபவம் எங்களுக்கு இல்லை. எடுத்திருந்தால் ஏரிக்கரைக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம். பவளப் பாறை பார்க்க விரும்புகிறவர்கள் லங்காவிக்குத் தெற்கே இருக்கும் பாயார் கடல் பூங்காவுக்குத் தனிப் பயணமாகப் போகிறார்கள். குட்டிச் சுறாக்கள் கரையோரமே வரும் இடம் அது. நாங்கள் போகவில்லை, அதனால் அதோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். லங்காவியை ஒட்டிய கடலில் நாங்கள் பார்த்த தண்ணீர் கலங்கல்தான்.

பெர்ஹெந்தியானுக்கு எதிராகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. முதலாவது பருவமழை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரை கொந்தளிக்கும், தங்குமிடங்கள் மூடிவிடும். 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரியில் தொடங்குவதால் நீண்ட விடுமுறை டிசம்பரில் வருகிறது. அந்த விடுமுறைக்கு லங்காவிதான் வழி. நவம்பரில் வரும் தீபாவளிக்கும் அப்படித்தான். இரண்டாவது பணம். தீவில் ஏ.டி.எம். கிடையாது, கரையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சாப்பாடு. சுட்ட மீனும் நாசி கோரெங்கும் அருமையாக இருக்கும், ஆனால் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கஷ்டம். கங்கோங் கீரையில்கூட பெலாச்சான் (இறால் விழுது) போட்டிருப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிச் செய்யச் சொல்ல வேண்டும். புரட்டாசி விரதம் இருக்கிறவர்கள் பருப்பும் ஊறுகாயும் கையோடு கொண்டுபோவது நல்லது.

நான்காவது, எனக்குப் பெரியது: வயதானவர்கள். முட்டி வலி உள்ள அம்மாவை நாங்கள் பெர்ஹெந்தியானுக்கு அழைத்துப் போகவில்லை. தூக்கிப் போடும் படகில் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார், தண்ணீரில் எப்படி இறங்குவார் என்று எனக்குத் தைரியம் வரவில்லை. லங்காவியிலோ அவர் ஏரிக்கு வராமல் ஜெட்டியருகே நிழலில் இருந்தார், மறுநாள் காரில் ஊர் சுற்றினார், பொய்ப்பழி சுமத்திக் கொல்லப்பட்ட மாசூரியின் சமாதியில் ஏழு தலைமுறைச் சாபக் கதையைக் கேட்டுக் கண் கலங்கினார். தாத்தா பாட்டியோடு மூன்று தலைமுறையாகப் போகிறவர்களுக்கு நான் பெர்ஹெந்தியானைச் சொல்ல மாட்டேன்.

இரண்டுமே அதிகம் என்று நினைப்பவர்களுக்கு பங்கோர் இருக்கிறது. லுமுட்டிலிருந்து ஃபெரியில் கால் மணி நேரம்தான். கடலோரத்தில் பத்ரகாளியம்மன் கோயில், மாசி மகத்துக்குப் பெருங்கூட்டம், மாலையில் மரக்கிளைக்கு வரும் இருவாய்ச்சிகள். தெலுக் நிப்பாவிலிருந்து சிறு படகில் கியாம் தீவுக்குப் போய் வரலாம். ஆனால் நீருக்கடியில் பார்க்க அங்கே அதிகம் இல்லை. சனி ஞாயிறுக்குப் போதும்.

அம்மாவை டிசம்பரில் லங்காவிக்கு அழைத்துப் போகிறோம். இந்த முறை தனிப் படகுதான், தீனி போடாத படகோட்டியாகப் பார்த்துப் பேசச் சொல்லிக் கணவரிடம் சொல்லியிருக்கிறேன். ஜூனில் நாங்கள் நால்வர் மட்டும் கெரிக் வழியாக. பக் சிக்கின் எண் மகளிடம்தான் இருக்கிறது, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.